லாரி பாடி முதல் கேட் கிரில் வரை: எந்த வேலைக்கு எந்த வெல்டிங்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறவர், கரூரில் பஸ் பாடி பட்டறையில் இருக்கிறவர், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி பார்க்கிறவர், தெருமுனையில் கேட் கிரில் கடை போட்டிருக்கிறவர் எல்லோரும் சுற்றிச்சுற்றி ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள்: எந்த மெஷின் வாங்குவது, எந்த வேலைக்கு எந்த வெல்டிங் போடுவது. மெஷினிலிருந்து யோசிக்க ஆரம்பிக்காதீர்கள் என்பதுதான் என் பதில். தடிமன் எவ்வளவு, என்ன உலோகம், எங்கே நின்று பற்றவைக்கப் போகிறீர்கள், அந்த இணைப்பு விட்டுப்போனால் யாருக்கு என்ன ஆகும், இந்த நாலையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கீழே இருப்பதெல்லாம் இந்த நாலையும் வைத்துச் சொன்ன பதில்கள்தான்.

ஆர்க், சீஓடூ, ஆர்கான் என்கிறார்களே, மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

ஆர்க் என்றால் கையில் ஹோல்டர் பிடித்து ராடு ஓட்டுவது. ராடின் மேல் இருக்கும் பூச்சு எரிந்து புகையாகவும், வெல்டின் மேல் ஓடாகப் படியும் ஸ்லாக்காகவும் மாறி, உருகிய இரும்பைக் காற்று தொடாமல் காப்பாற்றுகிறது. பட்டறையில் சீஓடூ என்று சொல்வது மிக், மேக் இரண்டையும் சேர்த்துத்தான். சுருளில் இருக்கும் வயரை மோட்டார் தள்ளிவிட, டார்ச் வழியாக வயரும் காஸும் சேர்ந்து வரும், ராடு மாற்ற நிறுத்த வேண்டியதில்லை. ஆர்கான் வெல்டிங் என்பது டிக். அதில் டங்ஸ்டன் ஊசி உருகாது, ஆர்க்கை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும், ஃபில்லர் கம்பியை இன்னொரு கையால் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

செலவைப் பார்க்கும்போது ஒன்றைக் கணக்கில் எடுங்கள். ராடு வாங்கும் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வெல்டாகிறது, மீதி ஸ்லாக், புகை, தூக்கிப்போடும் அடிக்கட்டை. சீஓடூவின் சாலிட் வயரில் 90 சதவீதத்துக்கு மேல் வெல்டில் போய்ச் சேரும். ஸ்லாக் தட்டும் நேரமும் மிச்சம். தினமும் மீட்டர் கணக்கில் ஓட்டுகிறவருக்கு இது பெரிய வித்தியாசம், மாதத்துக்கு நாலு கேட் செய்கிறவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

ஒரே ஒரு மெஷின்தான் வாங்க முடியும். எது?

இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின், 200 ஆம்பியர் நிஜமாகவே கொடுக்கக்கூடியது. தூக்கிக்கொண்டு போகலாம், மொட்டை மாடியில் காற்றடித்தாலும் ஓடும், கொஞ்சம் துருவும் பழைய பெயின்ட்டும் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும், சிலிண்டர் தேடி அலைய வேண்டாம். 2 மில்லிமீட்டருக்கு மேல் உள்ள இரும்பு எதையும் அதில் செய்துவிடலாம். அதற்குக் கீழே போனால்தான் ஓட்டை விழும் பயம்.

பெரும்பாலான இன்வெர்ட்டர்களில் ஒரு டிக் டார்ச் மாட்டி, ஆர்க்கை உரசிப் பற்றவைக்கும் முறையில் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேலை கொஞ்சம் பார்க்கலாம். அலுமினியம் மட்டும் முடியாது, அதற்கு ஏசி வேண்டும்.

அடுத்த மெஷின் வாங்கும் நிலை வரும்போது சீஓடூ. ஆர்கான் அப்புறம், எஸ்எஸ் வேலை வர ஆரம்பித்த பிறகு.

மெஷினில் 400 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதே, விலையும் குறைவாக இருக்கிறதே?

வெளியே பெரிதாக எழுதியிருக்கும் எண்ணை விட்டுவிட்டு, பின்பக்கம் ஒட்டியிருக்கும் ரேட்டிங் தகட்டில் டியூட்டி சைக்கிளைப் படியுங்கள். 200 ஆம்பியர், 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் 200-ல் ஓட்டலாம், நாலு நிமிடம் ஆற விட வேண்டும் என்று அர்த்தம். அதை எந்த வெப்பநிலையில் சொன்னார்கள் என்பதும் முக்கியம், நல்ல மெஷின்களில் 40 டிகிரிக்குக் கணக்குப் போட்டிருப்பார்கள். தகர ஷெட்டுக்குள் மே மாதம் 40 டிகிரி சாதாரணம்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 200 ஆம்பியரில் ராடு ஓடும்போது ஆர்க்கில் ஏறக்குறைய 28 வோல்ட் இருக்கும், ஆக வெளியே வருவதே 5.6 கிலோவாட். உள்ளே இழுப்பது அதைவிட அதிகம், 230 வோல்ட் சிங்கிள் பேஸில் 30 ஆம்பியரைத் தொடும். வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் செருகி 4 மில்லிமீட்டர் ராடு ஓட்ட நினைத்தால் பிளக் கருகும். வெகுதூரம் மெல்லிய ஒயர் இழுத்து ஓட்டினாலும் வோல்டேஜ் இறங்கி ஆர்க் அணைந்து அணைந்து வரும், பிறகு ராடைத் திட்டுவோம். தினமும் தடித்த பிளேட் ஓட்டுகிற பட்டறை என்றால் த்ரீ பேஸ் வாங்காமல் தீராது.

லாரி பாடி கட்ட ஆர்க்கா, சீஓடூவா?

இரண்டும். எங்கே எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பக்கவாட்டு ஷீட், கதவுச் சட்டம், 16 கேஜ் சதுரப் பைப், 3 மில்லி செக்கர் பிளேட் இதெல்லாம் சீஓடூவுக்கே பிறந்தவை. வேகமாக முடியும், சூடு குறைவாக ஏறும், ஷீட் அலை அலையாக நெளியாது. 0.8 அல்லது 1.0 மில்லி வயர், 70எஸ்-6 வகை, காஸ் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர். ஒரு மில்லி தடிமனுக்கு ஏறக்குறைய 40 ஆம்பியர் என்று மனசில் வைத்துக்கொண்டால் ஆரம்ப செட்டிங் கிடைத்துவிடும், அங்கிருந்து கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

கீழே வரும் கிராஸ் பார், லாங் ரன்னர், டிப்பரின் கீல் பிராக்கெட், ட்ரெய்லரின் கிங் பின் பிளேட், இழுவைக் கொக்கி மாட்டும் இடம் இதெல்லாம் 6, 8, 10, 12 மில்லி. மேலே சொன்ன அதே 40 கணக்கைப் போட்டால் 6 மில்லிக்கே 240 ஆம்பியர் வருகிறது. சிங்கிள் பேஸில் ஓடும் 200 ஆம்பியர் சீஓடூ மெஷினால் அது முடியாது. முடியாது என்று மெஷின் சொல்லாது, அதுதான் ஆபத்து. 120 ஆம்பியரில் 12 மில்லி பிளேட்டின் மேலேயும் அழகாக வரிவரியாக பீடு (வெல்ட் வரி) போட்டுக் கொடுத்துவிடும். அந்த இடங்களுக்கு 1.2 வயரோடு பெரிய த்ரீ பேஸ் சீஓடூ இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் 7018 ராடு (அது என்ன ரகம் என்று கீழே சொல்கிறேன்), தடித்த பிளேட்டுக்கு விளிம்பை வி வடிவில் வெட்டி.

சீஓடூ பீடு பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கிறது, பிறகு எப்படி விட்டுப்போகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

குறைந்த ஆம்பியரில் சீஓடூ ஓடும்போது வயர் நுனி வேலையைத் தொட்டு, ஷார்ட் ஆகி, ஒரு சொட்டு அறுந்து விழுந்து, மறுபடி தொடுகிறது. நொடிக்குப் பல தடவை நடப்பதால் சடசடவென்று ஒரே சீரான சத்தமாகக் கேட்கிறது. ஒவ்வொரு தடவை ஷார்ட் ஆகும்போதும் ஆர்க் அணைந்துவிடுகிறது என்பதால்தான் சூடு குறைகிறது, மெல்லிய ஷீட்டில் ஓட்டை விழாமல் இருப்பதும் அதனால்தான். தடித்த பிளேட்டில் அதே குணம் எதிரியாகிவிடுகிறது. வயர் உருகிவிடும், பிளேட் உருகாது. உருகிய உலோகம் உருகாத உலோகத்தின் மேலே வழிந்து படுத்துக்கொள்ளும், ஒட்டாது. வெளியே இருந்து எந்தக் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது.

அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் இரும்புக் கட்டுமான விதிநூலான டி1.1, பல வெல்டிங் முறைகளைத் தனிச் சோதனை இல்லாமலே ஏற்றுக்கொள்கிறது. இந்த ஷார்ட் சர்க்யூட் முறையை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை, செய்து காட்டிச் சோதித்து நிரூபித்த பிறகுதான் பயன்படுத்தலாம். காரணம் இதே ஒட்டாமல் போகிற பிரச்சினைதான்.

நீங்களே சோதித்துப் பார்க்க லேப் எதுவும் வேண்டாம். நீங்கள் வழக்கமாகப் போடும் அதே பிளேட்டில் இரண்டு துண்டு எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றை டி மாதிரி நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வழக்கமான செட்டிங்கில் பீடு போடுங்கள். ஆறட்டும். அப்புறம் அடித்துண்டை வைஸில் பிடித்து, நிற்கிற துண்டை வெல்ட் இருக்கும் பக்கமாகவே சாயும்படி சம்மட்டியால் அடியுங்கள், அடிவேரில் பிளந்துகொள்ளும். உடைந்த முகத்தைப் பாருங்கள். மூலையில் பிளேட்டின் பழைய விளிம்பு, கட்டிங் வீல் கோடு கூட அழியாமல் வெட்டின மாதிரியே இருக்கிறதா? அங்கே வெல்டே நடக்கவில்லை. முழு நீளத்துக்கும் சொரசொரப்பாகப் பிய்ந்து வந்திருந்தாலோ, உடையாமல் வளைந்து மடங்கிவிட்டாலோ உங்கள் செட்டிங் சரி. புது மெஷின், புது வயர், புது ஆள், எது வந்தாலும் முதல் நாள் இதைச் செய்துவிடுவது என்று பட்டறையில் வழக்கமாக வைத்துக்கொண்டால் நல்லது.

நின்ற வாக்கில் இருக்கும் ஜாயின்ட்டில் மேலிருந்து கீழே இழுப்பதும் இதே கதைதான். மெல்லிய ஷீட்டுக்குச் சரி. 5 மில்லிக்கு மேல் என்றால் கீழிருந்து மேலே ஏறுங்கள், நேரம் ஆகும், ஆனால் அடி உருகும்.

சுத்த சீஓடூ போதுமா, மிக்ஸ் காஸ் வாங்க வேண்டுமா?

இரும்புக்குச் சுத்த சீஓடூ போதும். மலிவு, ஊடுருவல் நன்றாக வரும், ஸ்பேட்டர் (தெறித்து ஒட்டும் துளிகள்) மட்டும் அதிகம். 80 ஆர்கான், 20 சீஓடூ கலந்த மிக்ஸில் ஸ்பேட்டர் குறையும், பீடு தட்டையாக வரும், கிரைண்டிங் வேலை மிச்சம். பெயின்ட் அடித்துக் கண்ணில் படுகிற வேலை, பஸ்ஸின் உள்பக்கம் மாதிரி, அதற்கெல்லாம் மிக்ஸ் வாங்கினால் கூலியில் திரும்ப வந்துவிடும். பெரிய ஆம்பியரில் சொட்டுச் சொட்டாக இல்லாமல் தூறலாக இறங்கும் ஸ்ப்ரே முறை வேண்டுமென்றால் சுத்த சீஓடூவில் வராது, ஆர்கான் 80 சதவீதம் அளவுக்காவது இருக்க வேண்டும்.

சீஓடூ சிலிண்டருக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே திரவமாக இருப்பதால், திரவம் தீரும் வரை மீட்டர் முள் இறங்காது, இறங்க ஆரம்பித்தால் காஸ் தீரப்போகிறது என்று அர்த்தம். தொடர்ந்து ஓட்டினால் ரெகுலேட்டர் குளிர்ந்து பனி கட்டி அடைக்கும், வெல்டில் பொடிப்பொடியாகத் துளை வர ஆரம்பிக்கும். அதற்குத்தான் ரெகுலேட்டரில் ஹீட்டர் வைக்கிறார்கள். ஹீட்டர் ஒயரைப் பிடுங்கிப்போட்டுவிட்டு வயர் சரியில்லை என்று கடையில் சண்டை போடுகிற பட்டறைகள் நிறைய.

அப்புறம் பெடஸ்டல் ஃபேன். காற்று காஸைக் கலைத்துவிடும். ஃபேனை ஆளைப் பார்த்துத் திருப்புங்கள், டார்ச்சைப் பார்த்து வேண்டாம். துளை வருகிறது என்று காஸை 25 லிட்டருக்குத் திறந்துவிட்டாலும் சரியாகாது, வேகமாக வரும் காஸ் சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

காஸே இல்லாமல் ஓடும் வயர் என்கிறார்களே?

உள்ளே ஃப்ளக்ஸ் நிரப்பிய வயர். திறந்தவெளி வேலைக்கு, வண்டி நிற்கிற இடத்துக்கே போய்ப் பற்றவைக்கிறவருக்கு உபயோகம். மெஷினில் போலாரிட்டியை மாற்றி டார்ச்சை நெகட்டிவில் போட வேண்டும், பலர் இதைச் செய்யாமலே ஓட்டிவிட்டு ஸ்பேட்டர் கொட்டுகிறது என்கிறார்கள். புகை அதிகம், ஸ்லாக் தட்ட வேண்டும். காஸும் சேர்த்து ஓட்டுகிற ஃப்ளக்ஸ் வயர் வேறு ரகம், தடித்த பிளேட்டுக்கு மிக நல்லது, அதற்கு டார்ச் பாசிட்டிவ். வாங்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

6013-க்கும் 7018-க்கும் விலை வித்தியாசம் இருக்கிறது. தேவையா?

கேட், கிரில், ஷெட், ஸ்டாண்டு எல்லாவற்றுக்கும் 6013. எளிதாகப் பற்றும், ஸ்லாக் தானாகக் கழன்று வரும், சாதாரண ஏசி டிரான்ஸ்ஃபார்மரிலும் ஓடும். கடையில் 12 நம்பர் என்று கேட்டால் வருவது 2.5 மில்லி, அதற்கு 60 முதல் 90 ஆம்பியர். 10 நம்பர் 3.15 மில்லி, 90 முதல் 130.

குலுங்குகிற, சுமை ஏறி இறங்குகிற, தடித்த, கொஞ்சம் கார்பன் கூடுதலான இரும்பு என்றால் 7018. வலிமை அதிகம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அதன் நிஜமான மதிப்பு ஹைட்ரஜன் குறைவு என்பதில் இருக்கிறது. பூச்சில் ஈரம் இருந்தால் ஆர்க்கின் சூட்டில் அது ஹைட்ரஜனாகப் பிரிந்து வெல்டுக்குள் போகும், ஆறிய பிறகு, சில நேரம் மறுநாள், வெல்டை ஒட்டிய இடத்தில் விரிசலாக வெளிப்படும். நேற்று நன்றாக இருந்தது, இன்று காலையில் பார்த்தால் விட்டிருக்கிறது என்பார்களே, அது பெரும்பாலும் இதுதான்.

அதனால் 7018 வாங்கி அட்டைப் பெட்டியோடு ஜன்னல் ஓரம் வைத்தால் கொடுத்த காசு வீண். ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரே நாளில் ஈரம் இழுத்துவிடும். பெட்டியில் போட்டிருக்கும் அளவைப் பார்த்து, வழக்கமாக 300 முதல் 350 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓவனில் வைத்து, சூடாகவே எடுத்து ஓட்ட வேண்டும். வெயிலில் காயவைப்பது கணக்கில் வராது. ஓவன் இல்லையென்றால், காற்றுப் புகாமல் சீல் வைத்து வரும் சிறிய பாக்கெட்டாக வாங்கி, பிரித்த அன்றே தீர்த்துவிடுங்கள்.

லாரி சேசிஸில் வெல்டிங் செய்யலாமா?

கம்பெனி கையேடு வெளிப்படையாக அனுமதிக்காத எந்த இடத்திலும் கூடாது.

சேசிஸ் சேனல் சாதாரண எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) சேனல் போலத் தெரிந்தாலும் அது உயர் வலிமை எஃகு, அந்த வலிமை அதன் தயாரிப்பு முறையால் வந்தது. வெல்டிங் சூடு பட்ட பட்டை அந்தக் குணத்தை இழக்கும். வண்டி வளையும்போது அதிகமான இழுவிசை மேல், கீழ் விளிம்புகளில்தான் விழுகிறது, சேனலின் நடுப்பகுதியில் குறைவு. அதனால்தான் விளிம்பில் துளை போடாதே, பற்றவைக்காதே என்று லாரிக் கம்பெனிகள் பாடி கட்டுகிறவர்களுக்கான கையேடுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். விளிம்பின் குறுக்கே ஒரு சின்ன பீடு, ஒரு டேக் (பிடித்து நிறுத்தப் போடும் புள்ளி வெல்ட்) அடித்தால்கூட போதும், சில ஆயிரம் கிலோமீட்டர் குலுங்கலில் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். பாடியை யு போல்ட், பிராக்கெட், போல்ட் நட் வைத்து, நடுவில் மரமோ ரப்பரோ கொடுத்து உட்கார வைப்பது பழக்கத்தால் மட்டும் வந்ததில்லை, இந்தக் காரணமும் அதற்குள் இருக்கிறது.

ஏற்கெனவே விரிசல் விட்ட சேசிஸை என்ன செய்வது என்று கேட்பார்கள். விரிசலின் முனையில் துளை போட்டு நிறுத்தி, வி வெட்டி, 7018 போட்டு, கிரைண்ட் செய்து, உள்பக்கம் பட்டை கொடுத்துப் போல்ட் போடுகிற முறை இருக்கிறது. ஆனால் அது அந்த வண்டிக்குக் கம்பெனி சொன்ன முறையாக இருக்க வேண்டும், கை வந்த ஆள் செய்ய வேண்டும். விரிசல் ஏன் வந்தது என்று பார்க்காமல், அதாவது ஓவர்லோடா, யு போல்ட் தளர்ந்ததா என்று கண்டுபிடிக்காமல் மேலே பட்டை ஒட்டினால், பட்டை முடிகிற இடத்தில் அடுத்த விரிசல் வரும்.

வீல்பேஸை நீட்டுவது, அச்சு சேர்ப்பது எல்லாம் வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின் கீழ் வருகிற விஷயம். லாரி பாடிக்கு ஏஐஎஸ் 093, பஸ் பாடிக்கு ஏஐஎஸ் 052 என்று விதிமுறைகளும் இருக்கின்றன. ஓனர் வற்புறுத்துகிறார் என்பதற்காகச் செய்து கொடுத்துவிட்டுப் பிறகு வருத்தப்படாதீர்கள்.

வண்டியிலேயே வெல்டிங் செய்யும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில் இசியு (வண்டியின் கட்டுப்பாட்டுக் கணினி), சென்சார் என்று ஏகப்பட்டது இருக்கிறது, சில வண்டிகளுக்கு இசியு கனெக்டரையே கழற்றச் சொல்லிக் கையேட்டில் போட்டிருக்கும்.

எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பெயின்ட் சுரண்டிய இரும்பில் மாட்டுங்கள். பின் கதவில் வேலை செய்துகொண்டு எர்த்தை முன் பம்பரில் மாட்டினால் கரண்ட் தனக்குத் தோதான வழியில் போகும். வீல் பேரிங் வழியாகப் போனால் உருளைகளிலும் ட்ராக்கிலும் பொடிப்பொடியாக அரித்துவிடும். சில வாரம் கழித்துப் பேரிங் சத்தம் போடும்போது இந்த எர்த் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஏர் பிரேக் நைலான் குழாய், டீசல் லைன், ஒயரிங் இவற்றை விலக்கியோ ஈரச் சாக்கு போட்டு மூடியோ வையுங்கள்.

பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்துத் துடைத்த இடத்தில் உடனே பற்றவைக்காதீர்கள். குளோரின் கலந்த ரகங்களின் ஆவி ஆர்க் வெளிச்சத்தில் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

எதைப் பற்றவைக்கவே கூடாது?

டீசல், பெட்ரோல் டேங்க். காலி டேங்க்தான் அதிக ஆபத்து, உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன் என்பது போதாது. ஆயில் டிரம்மும் அப்படியே. அடுத்தது லீஃப் ஸ்பிரிங் பட்டை, ஸ்டியரிங் இணைப்புகள், பிரேக் பாகங்கள், வீல் டிஸ்க். உடைந்தால் மாற்று, அவ்வளவுதான். காசு இல்லை என்று வந்து நிற்கிற ஓனரைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் கூடாது.

கார் டிங்கரிங் வேலைக்கு?

கார் ஷீட் 0.6, 0.8 மில்லிதான். ஆர்க் பக்கமே போகாதீர்கள். சின்ன சீஓடூ, 0.6 அல்லது 0.8 வயர். ஒரே இழுப்பாக இழுக்காமல் இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி ஒரு புள்ளி என்று போய், இடையில் ஆற விட்டு நிரப்ப வேண்டும். கம்பெனியில் ஸ்பாட் வெல்டிங் போட்டிருந்த இடத்தில், புது ஷீட்டில் துளை போட்டு அதன் வழியாக அடி ஷீட்டோடு சேர்த்துப் பற்றவைக்கலாம்.

முன்பு காஸ் வெல்டிங்கில் செய்தார்கள், கை வந்தவர்கள் இன்னும் செய்கிறார்கள், பழைய அம்பாசிடருக்கு அது ஒத்துவந்தது. இப்போது வருகிற கார்களில் நடுத்தூண், கதவு ஓரம் போன்ற இடங்களில் மிக உயர் வலிமை எஃகு இருக்கிறது, அதைச் சூடேற்றி நிமிர்த்தினால் வலிமை போய்விடும், விபத்தில் தாங்காது. அங்கே கம்பெனி சொன்ன இடத்தில் வெட்டி மாற்றுவதுதான் வழி. சில கம்பெனிகள் சிலிக்கன் கலந்த செம்பு வயரால் பிரேசிங் செய்யச் சொல்லும். அது 1000 டிகிரி அளவிலேயே உருகுவதால் ஷீட் கெடுவது குறைகிறது.

எஸ்எஸ் வேலைக்கு ஆர்கான்தான் வேண்டுமா?

கைப்பிடி, பால் டேங்கர், ஹோட்டல் மேடை இதற்கெல்லாம் ஆர்கான். 304 ரகத்துக்கு 308எல் ஃபில்லர், 316-க்கு 316எல், எஸ்எஸ்ஸை எம்எஸ்ஸோடு சேர்க்க 309எல். பால் டேங்கர், உணவுப் பைப் என்றால் உள்பக்கமும் ஆர்கான் நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் அடிப்பக்கம் கருகிக் கரடாக வரும், அந்தச் சந்தில் பால் தங்கும், எவ்வளவு கழுவினாலும் கிருமி போகாது. எம்எஸ் அறுத்த வீலை எஸ்எஸ் மேல் போடாதீர்கள், இரும்புத்தூள் ஒட்டி மாதத்துக்குள் துருப்புள்ளி வரும்.

அலுமினியம்?

மேலே இருக்கும் ஆக்சைடு படலம் 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும், உள்ளே இருக்கும் அலுமினியம் 660-லேயே உருகிவிடும். அதனால்தான் ஏசி டிக் தேவைப்படுகிறது, கரண்ட் திசை மாறும் ஒரு பாதியில் படலம் உடைகிறது. எஸ்எஸ் பிரஷ்ஷை அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்துத் தேய்த்துவிட்டு, சுத்த ஆர்கானில் ஓட்டுங்கள். உருகும்போது நிறம் மாறாமல் திடீரென்று கீழே விழுந்துவிடும் என்பதால் கை பழக நாளாகும். வலிமையும் கணக்கில் எடுக்க வேண்டும், 6061 டி6 போன்ற ரகம் வெல்டை ஒட்டிய இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வலிமை இழக்கும். மாதத்துக்கு ஒன்றிரண்டு வேலைதான் வருகிறது என்றால், மெஷின் வாங்காமல் செய்கிறவரிடம் கொடுத்து வாங்குவது நல்லது.

வார்ப்பிரும்பு?

நிக்கல் ராடு. ஒரு அங்குலம் ஓட்டு, உடனே சுத்தியலால் மெதுவாகத் தட்டு, கை வைக்கிற சூட்டுக்கு ஆற விடு, அப்புறம் அடுத்த அங்குலம். அவசரக்காரருக்கான வேலை கிடையாது.

ஜிஐ பைப் பற்றவைத்தால் ராத்திரி காய்ச்சல் வருகிறது. ஏன்?

ஜிஐ பைப்பின் மேல் பூசியிருக்கும் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், இரும்பு உருகுவதோ 1500 பக்கம். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர், உடம்பு வலி, காய்ச்சல் வரும். பால் குடித்தால் போய்விடும் என்பார்கள், பால் நுரையீரலுக்குப் போவதில்லை. பற்றவைக்கும் இடத்தில் பூச்சைக் கிரைண்ட் செய்து எடுத்துவிடுங்கள், காற்றோட்டமாக நில்லுங்கள், உலோகப் புகைக்கான மாஸ்க் போடுங்கள். துணி கட்டுவது பலன் தராது. மூச்சுத் திணறல் இருந்தாலோ மறுநாளும் சரியாகவில்லை என்றாலோ டாக்டரிடம் போக வேண்டும். பூச்சு எடுத்த இடத்தில் வேலை முடிந்ததும் ஜிங்க் பெயின்ட் அடிக்க மறக்காதீர்கள்.

கண்ணும் அப்படித்தான், ஆர்க் பட்டது அப்போது தெரியாது, நடுராத்திரி மண்ணை அள்ளிப் போட்டதுபோல் எரியும். 10 அல்லது 11 ஷேடு கண்ணாடி வைத்த ஷீல்டு உங்களுக்கு மட்டும் இருந்தால் போதாது, எர்த் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற பையனுக்கும் வேண்டும்.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் எதில் தொடங்கலாம்?

ராடில் தொடங்குங்கள். உருகிய குளத்தைப் பார்த்து ஓட்டுகிற பழக்கம் அதில்தான் வரும், அது வந்துவிட்டால் சீஓடூ சீக்கிரம் பிடிபடும். முதலில் சீஓடூவில் பழகினவருக்குச் சத்தத்தையும் பீடின் அழகையும் நம்பும் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. ஐடிஐயில் வெல்டர் பிரிவு ஒரு வருடப் படிப்பு, கட்டணமும் குறைவு. பைப், பாய்லர் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே நடக்கும் பயிற்சிகளை விசாரியுங்கள். பட்டறையிலேயே கற்பதாக இருந்தால், வெட்டிப்போட்ட துண்டுகளைத் தினமும் மாலையில் பொறுக்கி வைத்து அதில் டி ஜாயின்ட் போட்டு, மேலே சொன்ன மாதிரி சம்மட்டியால் உடைத்து உள்ளே பார்க்கச் சொல்லிக் கொடுக்கிற மேஸ்திரியிடம் சேருங்கள்.